நாளையைக் கதையாக்கியவர் – எச்.ஜி. வெல்ஸ்

நுழையும்முன்

அறிவியல் புனைகதை என்றதும் விண்கலமும் இயந்திர மனிதனும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அறிவியல் புனைகதை ஒரே வகைக் கதையன்று. காலப்பயணம், வேற்றுக்கோள் உயிரினங்களின் படையெடுப்பு, உயிரியல் ஆய்வின் விளைவு, விண்பயணம், வருங்காலப் போர் எனப் பல கிளைகளாக அது விரிந்துள்ளது. இக்கிளைகள் பலவற்றுக்கு வலிமையான வடிவம் தந்தவர், பதினான்கு வயதிற்குள் பள்ளியைவிட்டுத் துணிக்கடைக்கு அனுப்பப்பட்டவர். அவர் கண்ட வாழ்க்கையே அவருடைய கற்பனைக்கு வித்தாயிற்று. அவ்வாழ்க்கையின் வழியே அறிவியல் புனைகதையின் வகைகளை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

நிலத்தடிச் சமையலறை

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தில் அந்நாளில் கென்ட் மாவட்டத்தில் இருந்த புரோம்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ் பீங்கான் பொருள்களும் கிரிக்கெட் கருவிகளும் விற்கும் சிறுகடை ஒன்றை நடத்தினார். அவர் சிறந்த பந்துவீச்சாளர். 1862ஆம் ஆண்டு முதல்தரப் போட்டி ஒன்றில் அடுத்தடுத்து வீசிய நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தியவர். கடையில் வருவாய் குறைவு; கிரிக்கெட் ஆட்டத்தால் கிடைத்த பணமே குடும்பத்தைத் தாங்கியது. தாய் சாரா, செல்வர் மாளிகையில் பணிப்பெண்ணாக இருந்தவர்.

கடைக்குக் கீழே, தெருமட்டத்திற்கும் தாழ்வாக, அவர்களது சமையலறை இருந்தது. தெருவோரத்தில் பதிக்கப்பட்ட கம்பிவலையின் வழியேதான் அதற்குள் வெளிச்சம் வரும். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் சிறுவனுக்குத் தெருவில் நடப்போரின் காலணிகளே தெரியும். மேலே நடப்பவர்கள், கீழே உழைப்பவர்கள் என உலகம் இரண்டாகப் பிரிந்து கிடப்பதை அவர் நூல்களில் படிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டார். இக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

ஒடிந்த காலும் திறந்த நூலும்

1874ஆம் ஆண்டு விளையாட்டின்போது கீழே விழுந்து அவருடைய கால் ஒடிந்தது. பல வாரங்கள் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. தந்தை ஊர் நூலகத்திலிருந்து நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். வானியல், விலங்குகள், தொலைநாடுகள் பற்றிய நூல்கள் அச்சிறுவனுக்குப் புதிய உலகைத் திறந்துவிட்டன. பிற்காலத்தில் அவர் அந்த விபத்தைத் தம் வாழ்வின் நற்பேறுகளுள் ஒன்றாகவே கருதினார்.

மூன்றாண்டுகளுக்குப் பின் தந்தையின் கால் முறிந்தது. கிரிக்கெட் வருவாய் அத்துடன் நின்றது. வறுமை முற்றவே, 1880ஆம் ஆண்டு தாய் சசெக்ஸ் பகுதியிலுள்ள அப்பார்க் என்னும் மாளிகையில் இல்லப் பணிகளை மேற்பார்க்கும் வேலைக்குச் சென்றார். குடும்பம் சிதறியது.

தாயைக் காண அப்பார்க் சென்ற நாள்கள் வெல்சுக்குப் பயன்மிக்கவையாக அமைந்தன. அம்மாளிகையின் நூலகத்தில் பிளேட்டோவின் 'குடியரசு', ஸ்விஃப்ட்டின் 'கலிவரின் பயணங்கள்' முதலிய நூல்களைப் படித்தார். பரணில் ஒரு தொலைநோக்கியின் பகுதிகள் கிடந்தன. அவற்றைத் தாமே ஒன்றுசேர்த்தார். நள்ளிரவு கடந்தும் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிலவின் பள்ளங்களை நோக்கிக்கொண்டிருந்த மகனைத் தாய் கண்டு திகைத்தார். அம்மாளிகையின் அடியில் சுரங்க வழிகளும் இருந்தன. வேலையாள்கள் சமையலறைக்கும் தொழுவத்திற்கும் அவற்றின் வழியே சென்றுவந்தனர். மேலே செல்வம், கீழே உழைப்பு என்னும் காட்சி இங்கும் அவர் கண்ணில் பட்டது.

பதினேழு மைல் நடை

மகன் நிலையான தொழிலொன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது தாயின் விருப்பம். முதலில் வின்ட்சரில் ஒரு துணிக்கடை. அங்கு அவர் நிலைக்கவில்லை. பின்னர்ச் சிலகாலம் மருந்துக்கடை. 1881ஆம் ஆண்டு சவுத்சீயில் மற்றொரு துணிக்கடையில் தொழில் பழகுநராகச் சேர்க்கப்பட்டார். நாள்தோறும் ஏறத்தாழப் பதின்மூன்று மணிநேர வேலை. துணிகளை மடித்தல், அடுக்குதல், கட்டுதல் என்று நாள்கள் கழிந்தன. பழகுநர்கள் பலர் ஒரே அறையில் படுத்துறங்கினர். கிடைத்த சிறுபொழுதுகளில் அவர் ஒளிந்து ஒளிந்து படித்தார்.

இரண்டாண்டுகள் பொறுத்தார். 1883ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உணவும் உண்ணாமல் கடையைவிட்டு வெளியேறிப் பதினேழு மைல் நடந்து அப்பார்க்கை அடைந்தார். இனி அக்கடையில் இருக்க இயலாது எனத் தாயிடம் உறுதியாகக் கூறினார். அவரைப் பழகுநராகச் சேர்ப்பதற்குத் தாய் செலுத்திய பணம் அக்குடும்பத்திற்குப் பெருந்தொகை. அதை இழக்க நேரும் என்பதை மகனும் அறிந்திருந்தார். எனினும், கல்வி இல்லையேல் வாழ்வில்லை என்னும் எண்ணமே மேலோங்கி நின்றது. தாய் இறுதியில் இசைந்தார்.

மிட்ஹர்ஸ்ட் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் ஹோரஸ் பயாட், முன்னரே வெல்சின் அறிவுக்கூர்மையை உணர்ந்தவர். அவர் வெல்சை மாணவ ஆசிரியராக ஏற்றுக்கொண்டார். பகலில் கற்பித்தும் இரவில் கற்றும் அறிவியல் தேர்வுகளில் சிறப்பிடம் பெற்றார் வெல்ஸ். 1884ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் தென் கென்சிங்டனில் உள்ள அறிவியல் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது.

அங்கு அவருக்கு உயிரியல் கற்பித்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. டார்வினின் பரிணாமக் கொள்கையை மக்கள் மன்றத்தில் எடுத்துரைத்து வாதிட்ட பேரறிஞர் அவர். மனித இனம் இயற்கையின் முடிந்த முடிபன்று; மாறிக்கொண்டே இருக்கும் உயிர்களுள் ஒன்று என்னும் உண்மை அந்த ஓராண்டு வகுப்பில் வெல்சின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. மனிதன் மேலும் உயரலாம், தாழ்ந்தும் போகலாம். இந்த எண்ணமே அவருடைய கதைகளின் ஆணிவேர் ஆயிற்று.

நோய் காட்டிய வழி

1887ஆம் ஆண்டு அவர் பட்டம் பெறாமலேயே கல்லூரியைவிட்டு வெளியேறினார். வேல்ஸ் பகுதியில் ஆசிரியப் பணியில் இருந்தபோது, கால்பந்தாட்டத்தில் ஏற்பட்ட காயத்தால் சிறுநீரகம் பழுதுற்றது. நுரையீரலிலிருந்தும் குருதி வெளிப்பட்டது. உடல் தளர்ந்தாலும் ஊக்கம் தளரவில்லை. 1890ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் பட்டம் பெற்றார். 1893ஆம் ஆண்டு உயிரியல் பாடநூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். அவ்வாண்டிலேயே நோய் மீண்டும் தாக்கியது. வகுப்பில் நின்று கற்பிக்க இயலாது என்னும் நிலை உண்டாயிற்று. எழுத்தே வாழ்வுக்கு வழியாயிற்று.

அறிவியலை அடிப்படையாகக் கொண்ட கதைகள் அவருக்கு முன்னரும் உண்டு. மேரி ஷெல்லி 1818ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' புதினத்தில், தான் உருவாக்கிய உயிரைப் பேணாமல் கைவிட்ட ஓர் ஆய்வாளனின் துயரத்தைக் காட்டினார். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் வான்கூண்டு, நீர்மூழ்கிக் கப்பல், நிலவுப் பயணம் ஆகியவற்றை வைத்து வீரச்செயல் நிறைந்த பயணக்கதைகளைப் படைத்தார். வெல்ஸ் இவ்விருவரிடமிருந்தும் வேறுபட்ட ஒரு முறையைக் கைக்கொண்டார். கதையின் தொடக்கத்தில் நடவாத ஒன்றை நடந்ததாகக் கொள்வார். அதன்பின் அக்கதையில் வேறு வியப்பு எதற்கும் இடமில்லை. எளிய மனிதர்கள், பழகிய தெருக்கள், காரண காரியத்தோடு பொருந்திய விளைவுகள் ஆகியவற்றைக் கொண்டே கதையை நடத்துவார். அந்த ஒன்று நடந்தால் மனிதர் என்ன ஆவர் என்பதே அவருடைய கேள்வி. கேள்வி மாறும்போது கதையின் வகையும் மாறியது.

காலமும் உடலும்

1895ஆம் ஆண்டு வெளிவந்த 'கால இயந்திரம்' அவருக்குப் புகழ் தேடித்தந்தது. காலத்தில் பயணம் செய்ய முடிந்தால் மனித இனத்தின் முடிவு எப்படித் தோன்றும் என்பது இக்கதையின் கேள்வி. கதைத்தலைவன் தான் செய்த இயந்திரத்தில் ஏறி 8,02,701ஆம் ஆண்டிற்குச் செல்கிறான். அங்கு மனித இனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. உழைப்பறியாத எலாய்கள் மேலே மலர்ச்சோலைகளில் விளையாடித் திரிகின்றனர். மார்லாக்குகள் நிலத்தடி இருளில் இயந்திரங்களோடு வாழ்கின்றனர். இரவில் மேலேறி வந்து எலாய்களையே இரையாக்குகின்றனர். உழைப்போருக்கும் துய்ப்போருக்கும் இடையிலான பிளவு பல்லாயிரம் ஆண்டுகள் நீடித்தால் இரு வேறு உயிரினங்களே உருவாகிவிடும் என்பது அக்கற்பனை. புரோம்லியின் நிலத்தடிச் சமையலறையை அறிந்தவர்க்கு மார்லாக்குகளின் உலகம் அயலானதாகத் தோன்றாது.

அடுத்த ஆண்டு 'மருத்துவர் மொரோவின் தீவு' வெளிவந்தது. விலங்குகளை அறுத்து மனித வடிவம் தர முயலும் மருத்துவர் ஒருவரின் கதை இது. அவ்வுயிர்களின் வலியை அவர் பொருட்படுத்துவதில்லை. ஆய்வு எனும் பெயரால் எதையும் செய்யலாமா என்னும் அறவினாவை இந்நூல் எழுப்பியது. உயிரியல் சார்ந்த புனைகதைகள் இன்றும் இவ்வினாவையே வெவ்வேறு வடிவங்களில் கேட்கின்றன.

1897ஆம் ஆண்டு 'கண்ணுக்குப் புலப்படாத மனிதன்' வெளியானது. கண்ணாடித்துண்டைக் காற்றில் வைத்தால் நன்கு தெரிகிறது. நீரில் இட்டால் மங்கித் தோன்றுகிறது. கண்ணாடி, நீர் ஆகியவற்றின் ஒளிவிலகல் எண்கள் நெருங்கியிருப்பதே அதற்குக் காரணம். மனித உடலின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றின் அளவுக்குக் கொண்டுவர முடிந்தால் உடல் மறைந்துவிடும் என்பது இக்கதையின் கருதுகோள். அதை நிகழ்த்திய கிரிஃபின், பெருவல்லமை பெற்றதாக எண்ணி மகிழ்கிறான். ஆனால், உடுத்தினால் உடை தெரிகிறது. உடுத்தாவிட்டால் குளிர் வாட்டுகிறது. உண்ட உணவும் செரிக்கும்வரை பிறர் கண்ணுக்குத் தெரிகிறது. நடந்தால் சேற்றில் அடிச்சுவடு பதிகிறது. பிறர் பார்வையிலிருந்து தப்பியவன் மெல்ல மெல்ல மனிதப் பண்பிலிருந்தும் தப்பிவிடுகிறான். இறுதியில் ஊர்மக்களின் கையாலேயே மடிகிறான். எவரும் காணாதபோது மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்பதே இக்கதையின் உட்பொருள்.

படையெடுப்பும் பயணமும்

1895ஆம் ஆண்டு வெல்ஸ் வோக்கிங் என்னும் ஊரில் குடியேறினார். அங்கு மிதிவண்டி ஓட்டப் பழகி, சுற்றுவட்டாரச் சாலைகள் அனைத்தையும் வலம்வந்தார். ஒருநாள் தமையன் ஃபிராங்குடன் நடந்து செல்கையில், ஐரோப்பியரின் வருகையால் டாஸ்மேனியாவின் தொல்குடிகளுக்கு நேர்ந்த பேரழிவைப் பற்றிப் பேச்செழுந்தது. வேற்றுக்கோளிலிருந்து வலியவர்கள் இங்கிலாந்தின்மீது அவ்வாறு இறங்கினால் என்னாகும் என்று தமையன் வியந்தார். அவ்வெண்ணமே 1898ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த 'உலகங்களின் போர்' ஆயிற்று. வெல்ஸ் அந்நூலைத் தம் தமையனுக்கே உரிமையாக்கினார்.

செவ்வாய்க்கோளின் உயிரினங்கள் வோக்கிங் அருகிலுள்ள வெட்டவெளியில் வந்திறங்குகின்றன. மூன்று கால்களையுடைய மாபெரும் இயந்திரங்களில் ஏறி, வெப்பக்கதிராலும் நச்சுப்புகையாலும் ஊர்களை அழிக்கின்றன. வெல்ஸ் மிதிவண்டியில் சென்ற சாலைகளும் கடந்த ஊர்களும் கதையில் சாம்பலாகின்றன. இறுதியில் படைகளால் வெல்ல இயலாத அவ்வுயிரினங்கள், புவியின் நுண்ணுயிரிகளால் மடிகின்றன. நோயெதிர்ப்பாற்றலையும் இயற்கைத் தேர்வையும் கற்ற உயிரியல் மாணவரின் முடிவு இது. கதிரவன் மறையாத பேரரசு எனத் தம் நாட்டினர் பெருமிதம் கொண்டிருந்த காலத்தில், அடிமைப்பட்ட மக்களின் இடத்தில் அவர்களையே நிறுத்திக் காட்டினார் வெல்ஸ். அதுவே இந்நூலின் துணிவு.

1901ஆம் ஆண்டு வெளிவந்த 'நிலவில் முதல் மனிதர்கள்' விண்பயணக் கதை. ஈர்ப்புவிசையைத் தடுக்கும் கேவரைட் என்னும் கற்பனைப் பொருளைக்கொண்டு இருவர் நிலவை அடைகின்றனர். இது குறித்து ஜூல்ஸ் வெர்ன் குறைகூறினார். தாம் நிலவுப் பயணத்திற்குப் பீரங்கியை, அதாவது உள்ளபடியே இருக்கும் ஒரு கருவியைப் பயன்படுத்தியதாகவும் வெல்ஸ் இல்லாத பொருளைக் கற்பித்துக்கொண்டதாகவும் அவர் கருதினார். இருவருள் எவர் சிறந்தவர் என ஆராய்வதைவிட, இவை இரண்டு நெறிகள் என உணர்தலே நலம். அறிந்த அறிவியலை ஓர் அடி முன்னெடுத்துச் செல்வது வெர்னின் நெறி. அறிவியலை வாயிலாகக் கொண்டு மனிதச் சமுதாயத்தை ஆராய்வது வெல்சின் நெறி. இன்றைய அறிவியல் புனைகதைகளிலும் இவ்விரு நெறிகளையும் காணலாம்.

தெரிந்து தெளிவோம்

*காலப்பயணக் கதை:* கடந்த காலத்திற்கோ எதிர்காலத்திற்கோ செல்லுதல் – 'கால இயந்திரம்'.
*உயிரியல் புனைகதை:* உடலையும் உயிரையும் மாற்றுதல் – 'மருத்துவர் மொரோவின் தீவு'.
*படையெடுப்புக் கதை:* வேற்றுக்கோளினரின் தாக்குதல் – 'உலகங்களின் போர்'.
*விண்பயணக் கதை:* பிற கோள்களுக்கும் நிலவுக்கும் செல்லுதல் – 'நிலவில் முதல் மனிதர்கள்'.
*வருங்காலப் போர்க்கதை:* புதிய படைக்கலன்களின் விளைவு – 'விடுதலை பெற்ற உலகம்'.

கதையும் மெய்யும்

வெல்சின் கதைகள் படித்தவர் வாழ்வை மாற்றின. அமெரிக்கச் சிறுவன் இராபர்ட் காடார்ட் 'உலகங்களின் போர்' கதையைப் படித்து விண்வெளியின்பால் ஈர்க்கப்பட்டான். அவரே 1926ஆம் ஆண்டு திரவ எரிபொருளால் இயங்கும் முதல் ஏவூர்தியை விண்ணில் செலுத்தினார். 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் என்னும் கலைஞர் அதே கதையை வானொலிச் செய்தி அறிக்கை போன்ற நாடகமாக்கி ஒலிபரப்பியபோது, கேட்டவர்களுள் சிலர் அதை மெய்யென நம்பி அஞ்சினர்.

இவற்றினும் ஆழமானது மற்றொரு நிகழ்வு. கதிரியக்கம் குறித்து ஃபிரெடெரிக் சாடி எழுதிய நூலைப் படித்த வெல்ஸ், 1914ஆம் ஆண்டு 'விடுதலை பெற்ற உலகம்' என்னும் புதினத்தை வெளியிட்டார். அணுகுண்டுகள் நகரங்களை அழிப்பதை அதில் காட்டினார். அணுவின் ஆற்றலை மனிதன் கட்டவிழ்க்கும் ஆண்டாக அக்கதை குறித்தது 1933. அங்கேரி நாட்டு அறிவியலாளர் லியோ சிலார்டு 1932ஆம் ஆண்டு அப்புதினத்தைப் படித்தார். அடுத்த ஆண்டில், அதாவது 1933இல், நியூட்ரான்களால் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தலாம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதன் விளைவு எத்தகையது என்பதைக் கதை முன்னரே அவருக்குக் காட்டியிருந்தது. எனவே, அதற்கான காப்புரிமையைப் பொதுவில் வெளியிடாமல் பிரித்தானியக் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்தார். எனினும், பின்னர் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டம் உருவாகவும் அவரே ஒரு காரணமானார். 1945ஆம் ஆண்டு குண்டை ஜப்பான்மீது வீசுவதற்கு எதிராக அறிவியலாளர்களிடம் கையொப்பம் பெற்று விண்ணப்பம் அளித்தார், அது பயனளிக்கவில்லை. ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமா அழிந்தது. கதை எச்சரிக்கலாம்; அவ்வெச்சரிக்கைக்குச் செவிகொடுப்பது மனிதர் கையில் உள்ளது.

நிறையும் குறையும்

வெல்ஸ் குறைகளற்றவர் அல்லர். 1901ஆம் ஆண்டு வெளியிட்ட எதிர்காலக் கணிப்பு நூலொன்றில், திறன் குறைந்தோர் எனத் தாம் கருதிய மக்கள் வருங்கால உலகில் நிலைத்திருக்க இடமில்லை என்னும் பொருள்பட எழுதினார். பேரரசின் கொடுமையைக் கதையில் சாடியவரே இவ்வாறு எழுதியது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அறிவு மட்டும் ஒருவரை நேர்மையான முடிவுக்கு இட்டுச்செல்லாது என்பதற்கு அவருடைய வாழ்வும் சான்றாகிறது. பிற்காலத்தில் அவர் எண்ணம் மாறியது. 1940ஆம் ஆண்டு எல்லா மனிதர்க்கும் உரிய உரிமைகளை வரையறுக்க வேண்டும் என வலியுறுத்தி நூல் எழுதினார். அவர் மறைந்து ஈராண்டுகளுக்குப் பின் ஐக்கிய நாடுகள் அவை உலக மனித உரிமைப் பேரறிக்கையை வெளியிட்டது.

அவர் நீரிழிவு நோயால் பாதிக்கப்பட்டவர். 1934ஆம் ஆண்டு மருத்துவர் ஆர்.டி. லாரன்சுடன் இணைந்து நீரிழிவு நோயாளிகளுக்கான சங்கத்தைத் தோற்றுவித்தார். இரண்டாம் உலகப்போரில் இலண்டன்மீது குண்டுகள் பொழிந்தபோதும் தம் இல்லத்தைவிட்டு அகலவில்லை. தாம் கதையில் எழுதிய வான்வழிப் போரைத் தம் வீட்டுக்கு மேலேயே கண்டார். ஹிரோஷிமா அழிந்து ஓராண்டு கடந்த நிலையில், 1946ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் இலண்டனில் காலமானார்.

துணிக்கடையிலிருந்து வெளியேறி நடந்த அச்சிறுவனின் பதினேழு மைல், நிலவுக்கும் செவ்வாய்க்கும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு அப்பாலும் நீண்டது. அறிவியல் புனைகதையைப் படிக்கத் தொடங்குவோர் அதன் இயந்திரங்களைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடலாகாது. இக்கதை எந்த ஒன்றை நடந்ததாகக் கொள்கிறது? அதனால் யார் உயர்கின்றனர், யார் துன்புறுகின்றனர்? அத்துன்பம் இன்றே நம்மிடையே எங்கேனும் உள்ளதா? இவ்வினாக்களோடு அணுகினால் எவ்வகை அறிவியல் புனைகதையும் தன் கதவைத் திறக்கும். நாளையைப் பற்றிய கதை, இன்றைய நாளில் நம் பொறுப்பு யாது என்பதையே நமக்கு நினைவூட்டுகிறது.